டாக்டரிடம் ஒன்றுமே கேட்காமல் ஹார்மோன் மாத்திரை தொடங்குவது எப்படி?

ஆபரேஷன் முடிந்தாயிற்று. கீமோ முடிந்தது, கரண்ட் வைப்பதும் முடிந்தது. கொட்டின முடி மறுபடி முளைக்கத் தொடங்கிவிட்டது. உறவுக்காரர்கள் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது டாக்டர் சீட்டில் கடைசியாக ஒரு வரி எழுதுகிறார்: டாமாக்சிஃபென் 20 மில்லிகிராம், தினம் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுகிறார்: "அஞ்சு வருஷம். அப்புறம் பார்த்துக்கலாம்."

அஞ்சு வருஷம் என்றால் 1,800 மாத்திரைக்கு மேல். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், வெளியே உட்கார்ந்திருக்கும் டோக்கன்காரர்களின் மனம் கோணாமல், இரண்டே நிமிடத்தில் எழுந்து வருவது ஒரு கலை. நம்மில் பெரும்பாலோருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. இன்னும் தடுமாறுகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி.

முதல் காரியம், உள்ளே யார் பேசுவது என்று முடிவு செய்வது. நோயாளியைத் தவிர யார் வேண்டுமானாலும் பேசலாம். மூத்த மகன் உத்தமம். மாப்பிள்ளை அதைவிட உத்தமம், அவருக்கு இங்கிலீஷும் வரும், மாமியாரைப் பற்றி ஒன்றும் தெரியவும் தெரியாது. அம்மாவை ஸ்டூலில் உட்கார வையுங்கள். டாக்டர், "உங்களுக்குத் தீட்டு நின்னுடுச்சாம்மா?" என்று கேட்பார். உடனே மகன் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்க வேண்டும். அம்மா தரையைப் பார்க்க வேண்டும். ஒரு கணம் கழித்து மகன், "அதெல்லாம் நின்னுடுச்சு சார்" என்று சொல்லிவிட வேண்டும். விஷயம் முடிந்தது.

அந்த அறையில் கேட்கப்படும் கேள்விகளிலேயே கனமானது அதுதான் என்பதை மட்டும் யாரும் கவனித்துவிடக் கூடாது. எந்த மாத்திரை என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மார்பகப் புற்றின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காருவதற்கென்று ஏற்பிகள் உண்டு. டாமாக்சிஃபென் செய்வது, பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது. ஈஸ்ட்ரோஜன் வரும், உட்கார இடமிருக்காது. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்ற மூன்றும் வேறு வகை. அவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கின்றன. ஆனால் தீட்டு நின்ற பிறகு கொழுப்புத் திசுவிலும் மற்ற இடங்களிலும் உருவாகிறதே, அந்த ஈஸ்ட்ரோஜனைத்தான் அவற்றால் தடுக்க முடியும். சினைப்பை இன்னும் வேலை செய்கிற பெண்ணுக்கு இவற்றை மட்டும் கொடுத்தால், சினைப்பை இன்னும் வேகமாக முடுக்கிவிடப்படும். குழந்தையின்மை சிகிச்சையில் கருமுட்டை வளர்ப்பதற்குக் கொடுக்கப்படுவதும் இதே லெட்ரோசோல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நாற்பது வயதுக்காரிக்குக் கீமோவால் தீட்டு நிற்கும். நின்றது நின்றதுதான் என்று எல்லோரும் நினைப்பார்கள். சிலருக்கு ஒரு வருஷம் கழித்துக்கூட அது திரும்பி வரும். அதனால் 'நின்றுவிட்டது' என்பதோடு 'எப்போது நின்றது, கீமோவுக்கு முன்னாலா பின்னாலா' என்பதையும் சொன்னால் டாக்டர் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்க்கச் சொல்லலாம். இல்லையென்றால் சினைப்பையை அடக்கி வைக்கும் ஊசியையும் சேர்த்து எழுதலாம். அதெல்லாம் நேரம் பிடிக்கிற சமாச்சாரம். மகன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

பயாப்சி ரிப்போர்ட்டையும் மறந்துவிடாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதில் ஹார்மோன் ஏற்பிகளைக் குறிக்கும் ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு வரி இருக்கும். அவை பாசிட்டிவாக இருந்தால்தான் இந்த மாத்திரைகளுக்கு வேலை. இரண்டும் நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரையால் பயனில்லை. பாசிட்டிவ் என்றாலும் 100க்கு ஒரு செல் சாயம் பிடித்ததும் பாசிட்டிவ்தான், 90 செல் பிடித்ததும் பாசிட்டிவ்தான். இரண்டுக்கும் எதிர்பார்க்கக்கூடிய பலன் ஒன்றல்ல. "எனக்கு எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டால் அவர் ஃபைலைப் புரட்ட வேண்டியிருக்கும். பாவம், வேலை மெனக்கெடும்.

அடுத்து, குழந்தை விஷயம். இதைத் தவிர்க்க மிகச் சிறந்த வழி, மாமியாரையும் கூட அழைத்துப் போவது. அவர் இருக்கும் அறையில் முப்பத்திரண்டு வயது மருமகள் கருத்தடை பற்றிக் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் டாக்டர் சொல்லியிருப்பார்: டாமாக்சிஃபென் சாப்பிடும்போது கரு தரிக்கக் கூடாது, சிசுவுக்கு ஆபத்து, நிறுத்திய பிறகும் சில மாதம் பொறுக்க வேண்டும், அதுவரை ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை உதவாது, காப்பர் டி அல்லது ஆணுறைதான், மாத்திரையால் தீட்டு வராமலிருந்தாலும் கரு தரிக்க வாய்ப்பு உண்டு. 1962இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர் இந்த மருந்தை முதன்முதலில் தயாரித்தபோது, அவர்கள் தேடிக்கொண்டிருந்ததே கருத்தடை மருந்தைத்தான். எலிகளில் கருவைத் தடுத்தது. பெண்களிடமோ நேர்மாறாக முட்டை வெளிவரத் தூண்டியது. கருத்தடைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அது புற்றுநோய்ப் பக்கம் திரும்பியது. 1971இல் மான்செஸ்டரிலிருந்து முதல் சிகிச்சை முடிவுகள் வெளிவந்தன. கருத்தடை மருந்தாகத் தோற்றுப்போன ஒன்றை நம்பி கருத்தடைப் பேச்சையே எடுக்காமல் இருப்பவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

குழந்தை வேண்டும் என்கிறவர்களும் இதே போல மௌனமாக இருந்துவிடலாம். அஞ்சு வருஷம் முடிந்தால் வயது முப்பத்தேழு. நடுவில் நிறுத்திவிட்டுப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால்தானே பதில் வரும்? 2023இல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில், ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் மருந்து எடுத்த இளம் பெண்கள், இரண்டு வருஷம் வரை அதை நிறுத்திக் கருத்தரிக்க முயன்றார்கள். குறுகிய காலக் கணக்கில் அவர்களுக்கு நோய் திரும்புவது கூடவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நீண்ட காலக் கணக்கு இனிமேல்தான் வரவேண்டும். ஆனால் கேட்டுப் பார்க்கக்கூடிய கேள்வி. கருமுட்டையை எடுத்துச் சேமிப்பது பற்றி யோசிப்பதென்றால் கீமோ தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். அப்போதும் மாமியார் பக்கத்தில்தான் இருந்திருப்பார்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொரு உபாயம் உண்டு. அம்மாவிடம் இது புற்றுநோய் மாத்திரை என்றே சொல்லாதீர்கள். "சத்து மாத்திரைம்மா, உடம்பு தேறணும்ல" என்று சொல்லுங்கள். பயப்படமாட்டார். சத்து மாத்திரைக்கு உரிய மரியாதையையும் அதற்குக் கொடுப்பார்: பிரதோஷத்தன்று சாப்பிடமாட்டார், திருப்பதி போனால் எடுத்துக்கொண்டு போகமாட்டார், பக்கத்து வீட்டம்மா சோர்வாக இருக்கிறது என்றால் நாலு மாத்திரை கிழித்துக் கொடுப்பார். கால் வீங்கினால் சத்து மாத்திரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று பேசாமல் இருந்துவிடுவார். அன்பால் செய்கிற காரியம்தான். அதைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் எதற்குச் சாப்பிடுகிறோம் என்று தெரியாதவரால் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இனி, ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளை மறைக்கும் முறை. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்பார். "சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மனசு சரியில்லை என்று யாருக்கும் தெரியாமல் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். டாமாக்சிஃபென்னைக் கல்லீரல்தான் வீரியமுள்ள மருந்தாக மாற்றித் தருகிறது. பாரோக்சிடின், ஃப்ளூவோக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த மாற்றத்தையே அடக்கிவிடும். மாத்திரை தவறாமல் உள்ளே போகும், பலன் மட்டும் குறையும். வென்லாஃபாக்சின் போல அந்தத் தொந்தரவு தராத வேறு மருந்து இருக்கிறது. அது உடம்பு தகிப்பதையும் கொஞ்சம் குறைக்கும். சொன்னால்தானே மாற்றித் தருவார்? இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக மறைக்க வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உறைவது அளவுக்கு மீறிக் குறைந்து ரத்தப்போக்கில் கொண்டு விடும்.

நாட்டு மருந்து மருந்தே அல்ல என்பது நம் பொதுக் கொள்கை. சித்தப்பா சொன்ன லேகியம், வாட்ஸாப்பில் வந்த கஷாயம், மருமகள் ஆன்லைனில் வரவழைத்த மஞ்சள் கேப்ஸ்யூல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். நெதர்லாந்தில் ராட்டர்டாமில் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்ஸ்யூல் ரத்தத்தில் டாமாக்சிஃபென் அளவைக் குறைப்பதைக் கண்டார்கள். குழம்பில் போடுகிற மஞ்சளை யாரும் தடுக்கவில்லை, ரசத்து மிளகையும் விட்டுவிடலாம். கிராம் கணக்கில் கேப்ஸ்யூலாக விழுங்குவதுதான் கேள்வி.

பக்கவிளைவுகள் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது. இன்னொன்று, அன்றிரவே போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுநாள் மாத்திரையைக் குப்பையில் போடுவது. இரண்டுக்கும் நடுவே டாக்டரிடம் கேட்பது என்று ஒரு வழி இருக்கிறது. அதில் போனால் என்ன தெரியவரும் என்றால்: டாமாக்சிஃபென்னில் திடீரென்று உடம்பு குப்பென்று தகித்து வேர்ப்பது பலருக்கும் வரும், தொல்லையே தவிர ஆபத்தில்லை. வெள்ளைப்படுதல் கூடலாம். லெட்ரோசோல் வகையில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, முட்டி வலிக்கும். வயசானால் வரத்தானே செய்யும் என்று விட்டுவிடுவார்கள். நடையும் உடற்பயிற்சியும் அந்த வலியைக் குறைக்கும். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வகையில் இன்னொன்று ஒத்துப்போவதும் உண்டு. இந்த வகையில் எலும்பும் தேயும். அதனால் தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். எலும்புக்கு ஊசி போடுவதாக இருந்தால் முதலில் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும்; ஊசிக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் இருக்கிறது.

பிறப்புறுப்பு வறண்டுபோவது, தாம்பத்யத்தில் வலி, ஆசையே இல்லாமல் போவது, இவற்றை வாயைத் திறந்து சொல்வது நம் குடும்பங்களில் நடக்காத காரியம். மூணு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், பிறகு டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஹார்மோன் இல்லாத களிம்பும் ஜெல்லும் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லலாம், துண்டுச் சீட்டில் எழுதி நீட்டலாம். இதைக் கேட்டு அதிர்ச்சியடைகிற புற்றுநோய் டாக்டர் இருந்தால் அவர் தொழில் மாறிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை. டாமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது; கருப்பையிலோ அதுவே ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்கிறது. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கலாம். தீட்டு நின்ற வயதினருக்கு அபூர்வமாகப் புற்றும் வரலாம். தீட்டு நின்று பல வருஷம் ஆன பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டியாக வேண்டும். "சூடு பிடிச்சிருக்கும்" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக் காலம் கடத்துவதற்கு இது நேரமல்ல. இன்னொன்று, காலின் ஆழத்திலுள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது. முன்பு ஒருமுறை உறைந்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், அதை மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புகிற அம்மாக்கள் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார்கள். போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்வதென்றால் அந்த எலும்பு டாக்டருக்கும் இந்த மாத்திரை பற்றித் தெரிய வேண்டும்.

ஆண்களுக்கு வழிகாட்டி இன்னும் சுருக்கம். அவர்கள் பேசவே மாட்டார்கள். புரோஸ்டேட் புற்றுக்கு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை புதிதல்ல. சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் விதைகளை அகற்றினால் நோய் அடங்குவதைக் காட்டினார். 1966இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். இன்று ஊசியா, ஆபரேஷனா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஊசியை நிறுத்தலாம், ஆபரேஷனைத் திருப்ப முடியாது; ஆனால் ஆபரேஷன் ஒரு தடவைச் செலவு, ஊசி மாதாமாதமோ மூணு மாதத்துக்கு ஒருமுறையோ செலவு. இந்தக் கணக்கை டாக்டர் முன்னால் போடுவது கௌரவக் குறைச்சல் என்று எண்ணி, மூணு ஊசி போட்டுக்கொண்டு நாலாவதுக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. சில வகை ஊசிகளில் முதல் சில வாரம் ஹார்மோன் குறைவதற்குப் பதில் ஏறும். நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தால் அந்த ஏற்றம் ஆபத்து. அதனால்தான் முன்கூட்டியே பைகலுடமைட் போல ஒரு மாத்திரை தருகிறார்கள். 'ஊசிதான் போட்டாச்சே' என்று அந்த மாத்திரையை வாங்காமல் விடுவது நம்மவர்களின் சிக்கனம்.

அதே நோய்க்கான அபிராடெரோன் மாத்திரைக்கு மாறுகிறவர்கள் இட்லி சாம்பாரோடு விழுங்குவார்கள், வயிறு புண்ணாகக் கூடாது என்பதற்காக. அதை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும்; சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். டாக்டரே குறைந்த அளவைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். கூடவே தருகிற பிரெட்னிசலோனை, "ஸ்டீராய்டுங்க, உடம்பு கெட்டுடும்" என்று மருந்துக் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாக நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த ஸ்டீராய்டு இல்லாவிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். திடீரென்று நிறுத்துவதே தனி அபாயம். சுகர் இருக்கிறவர்கள் தங்கள் சுகர் டாக்டரிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹார்மோன் குறைவதாலும் சுகர் ஏறும், ஸ்டீராய்டாலும் ஏறும். தாம்பத்யம் பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள். பெரியவர் எரிந்து விழுகிறார், இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டார் குழம்பட்டும்.

கடைசியாக, நிறுத்தும் முறை. ஒன்றரை வருஷம் போனதும் உடம்பு நன்றாகிவிடும். "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?" என்று நீங்களே முடிவு செய்து நிறுத்திவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஈ.ஆர். பாசிட்டிவான பெண்கள் அஞ்சு வருஷம் டாமாக்சிஃபென் எடுத்தால், முதல் பதினைந்து வருஷங்களில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. 2012இல் வெளிவந்த அட்லஸ் ஆய்வு, பத்து வருஷம் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் பலன் என்றது. கருப்பைப் புற்று அபாயமும் அதோடு கூடும் என்பதையும் சொன்னது. அஞ்சா, பத்தா என்பது ஒவ்வொருவருக்கும் வேறு கணக்கு. ஒரு வேளை மறந்தால் குடி முழுகிவிடாது, அந்த மருந்து உடம்பில் நாள்கணக்கில் தங்கும். மறுநாள் இரட்டிப்பாக விழுங்கவும் வேண்டாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் விபரீதம்.

இந்த வழிகாட்டியைப் பின்பற்ற மனமில்லாதவர்கள் சிலர் இருக்கலாம். நீங்கள் அவர்களில் ஒருவரென்றால், டாக்டரிடம் போகிற அன்று எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகிய டப்பா உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேள்விகளை முந்தின நாளே தாளில் எழுதி வையுங்கள். நோயாளியே பேசட்டும், மகன் குறித்துக்கொள்ளட்டும். முடிந்தால் ஐந்து நிமிடம் மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள். கூட்டம் நெரிகிறது, ஒரே கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைக் கேளுங்கள்: "எது நடந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம உடனே வரணும், எந்த நம்பருக்கு போன் பண்ணணும்?" டாமாக்சிஃபென்னுக்கு அந்தப் பதிலின் பெரும்பகுதி இதுதான்: ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, தீட்டு நின்ற பிறகு ரத்தம் படுவது, கண் பார்வை மங்குவது. இவற்றையும் டாக்டர் தருகிற நம்பரையும் எழுதி மாத்திரை டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள்.